வீட்டுக்குள் போடும் பூட்ஸ்

திருவனந்தபுரத்துக்குத் தெற்கே எங்கள் பக்கத்தில் டிசம்பர் மாதத்திலும் மின்விசிறி இல்லாமல் உறங்க முடியாது. பாறசாலையில் ரயில் இறங்கி எங்கள் ஊர் கொல்லயிலுக்கு வந்து சேர்வதற்குள் சட்டை முதுகோடு ஒட்டிவிடும். அப்படிப்பட்ட ஊரில், உள்ளே கம்பளி ரோமம் அடர்ந்த ஆட்டுத்தோல் பூட்ஸை ஆசை ஆசையாக வாங்கிப் போட்டுக்கொண்டு அலைகிறார்கள். பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது. ஒரு தடவை பஸ் ஸ்டாப்பில் வைத்து ஒரு பெண்ணைப் பார்த்து, "இத கழத்தி தூர எறி பிள்ளே" என்று கத்தியே விட்டேன். அவள் என்னைப் பைத்தியம் என்று நினைத்துத் தள்ளிப்போய் நின்றாள்.

அவளைச் சொல்லிக் குற்றமில்லை. எங்கள் வீட்டுக்கு அந்த பூட்ஸ் எதற்காக வந்தது என்று அவளுக்குத் தெரியாது. அழகுக்காக வரவில்லை. அப்பாவின் காலைக் காப்பாற்ற வந்தது.

அப்பா ரப்பர் பால் வெட்டுபவர். பெருங்கடவிளைப் பக்கத்துத் தோட்டங்களில் விடிவதற்கு முன்னால் தொடங்கி மரம் மரமாக நடந்த மனிதர். செருப்பு போட்டதில்லை. போட நினைத்தாலும் முடியாது. அவருடைய பாதம் அப்படி. முன்பக்கம் விசிறி போல விரிந்திருக்கும், பெருவிரல் தனியாக ஒரு திசையில் போகும். அக்காவின் கல்யாணத்துக்காகக் காட்டாக்கடையில் கடை கடையாக ஏறி இறங்கினோம். எந்தச் செருப்பும் அவர் காலை ஏற்றுக்கொள்ளவில்லை. கடைசியில் வெறுங்காலோடுதான் பந்தலில் நின்றார். அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

வேலையை விட்ட பிறகு சர்க்கரை வந்தது. அதாவது, முன்பே வந்திருந்தது, பிறகுதான் தெரிந்தது. முதலில் கால் சில்லிட்டுக் கிடக்கிறது என்றார். மெத்தையில் நடப்பது போல இருக்கிறது என்றார். பிறகு ஒன்றும் சொல்வதை நிறுத்திவிட்டார். நெய்யாற்றின்கரையில் ஒரு டாக்டர் அப்பாவின் உள்ளங்காலில் ஒரு தூண்டில் நரம்புத் துண்டு போன்ற பிளாஸ்டிக் இழையை வைத்து அங்கங்கே அழுத்திப் பார்த்தார். கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்த அப்பா, எப்போது தொடங்குவீர்கள் என்று கேட்டார். தொடங்கி முடித்தும் ஆகியிருந்தது.

டாக்டர் எங்களிடம் ஒரே ஒரு காரியத்தை மூன்று விதமாகச் சொன்னார். வெறுங்காலோடு நடக்கக் கூடாது. வீட்டுக்கு உள்ளேயும் நடக்கக் கூடாது. முக்கியமாக வீட்டுக்கு உள்ளே நடக்கக் கூடாது. வெளியில் ஆள் தரையைப் பார்த்து நடப்பான், வீட்டுக்குள் பார்க்கமாட்டான் என்றார்.

அன்றைக்கே ஒரு மெல்லிய ரப்பர் செருப்பு வாங்கினேன், பெரிய அளவில், வார் அகலமாக. அம்மா சிட்அவுட்டில், முன்திண்ணையிலேயே வழியை மறித்துக்கொண்டு நின்றாள்.

"விளக்கு கொளுத்துத வீடாக்கும் இது. செருப்பு இட்டுட்டு உள்ள நடக்க நான் சம்மதிக்க மாட்டேன்."

"டாக்டர் சொன்னத கேட்டியளா இல்லியா?"

"அவருக்க வீட்டுல அவரு இட்டுட்டு நடக்கட்டு. நான் வேண்டாம்ணு சொன்னேனா?"

எங்கள் ஊரில் இது என் அம்மாவின் தனிப் பிடிவாதம் இல்லை. எந்த வீட்டுக்குப் போனாலும் படியில் செருப்புகள் குவிந்துகிடப்பதைப் பார்க்கலாம். வக்கீல் வீடானாலும் சரி, மூன்று மாடி கட்டியவன் வீடானாலும் சரி, படியோடு செருப்பு முடிந்தது. எனக்கும் அது பழக்கம்தான். ஆனால் ஒரு மனிதனுடைய கால் போகும் என்று ஒருவர் சொன்ன பிறகும் படியைப் பிடித்துக்கொண்டு தொங்கினால் அதை நான் பழக்கம் என்று சொல்லமாட்டேன். வேறு பெயர் சொல்வேன். அன்று அம்மாவிடமும் சொன்னேன். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

அப்பா என்ன செய்தார்? சிரித்தார். "இத்தன காலம் செருப்பில்லாம நடந்த காலாக்கும். இனி என்ன வரப்போவுது?" என்றார். அவருடைய காலுக்கான சண்டையில் அவர் வேடிக்கை பார்க்கும் ஆளாக இருந்தார். அதுவும் எனக்கு ஆத்திரம்தான்.

அக்கா ஆஸ்திரேலியாவில் குளிர் அதிகமான ஓர் ஊரில் நர்ஸாக இருக்கிறாள். நான் போனில் கொட்டித் தீர்த்ததைக் கேட்டுக்கொண்டாள். அவளுடைய ஆஸ்பத்திரியில் எழுந்திருக்க முடியாத நோயாளிகளின் குதிகாலுக்கு அடியில் ஆட்டுத்தோலை விரிப்பார்களாம். ரோமம் உள்ள பக்கம் மேலே இருக்கும். உடம்பு அழுந்தாது, புண் வராது. அதை நினைத்துக்கொண்டுதான் அவள் அந்த பூட்ஸை வாங்கி, ஊருக்கு வருகிற யாரிடமோ கொடுத்துவிட்டாள்.

நான் அதைக் கையில் எடுத்துப் பார்த்தேன். தேன் நிறத்தில், கணுக்காலுக்குக் கொஞ்சம் மேலே வரைக்கும். வெளியே மெல்லிய தோல், உள்ளே முழுக்க வெள்ளை ரோமம். இதற்கு வலது இடது என்று பெரிய வித்தியாசம்கூட இல்லை. அச்சு, வடிவு, ஒன்றும் கிடையாது. யார் கால் எப்படி இருந்தாலும் உள்ளே விட்டுக்கொள்ளும். அப்பாவின் விசிறிப் பாதம் ஒரு முனகல் இல்லாமல் உள்ளே போனது. வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு பாதரட்சை அவரை வேண்டாம் என்று சொல்லவில்லை.

அக்கா வீடியோவில் இருந்தாள். "அம்மா, இது வீட்டுக்குள்ள போடத்துக்கு உள்ளதாக்கும், கேட்டியளா. இஞ்ச எல்லாரும் வீட்டுக்குள்ள தான் போடுவினும். இத போட்டுட்டு கடைக்குப் போனா, படுக்கையில இருந்து அப்படியே எழும்பி வந்துட்டான்னு சிரிப்பினும்."

"என்ன தோலு?" என்று அம்மா கேட்டாள்.

"ஆட்டுத் தோலு."

முடிந்தது. "செத்த ஆட்டுக்க தோலையா? பூசை முறிக்கு முன்ன கூடியா?" என்று அம்மா எழுந்து பூசையறைப் பக்கம் போய்விட்டாள். பூட்ஸ் படிக்கு வெளியே போனது.

அன்று இரவே நான் அந்த பூட்ஸின் பூர்வீகத்தை எல்லாம் தேடி வாசித்தேன், அம்மாவை வாதத்தில் மடக்கத்தான். ஆஸ்திரேலியாவில் ஆட்டுக்கு ரோமம் கத்தரிக்கிற தொழிலாளிகள் மிச்சத் தோலைக் காலில் சுற்றிக்கட்டிக்கொண்டு வேலை செய்தார்களாம். ரோமத்தில் உள்ள எண்ணெய்ப் பசை சாதாரண செருப்பை அரித்துவிடும், இதை ஒன்றும் செய்யாது. மூடியில்லாத பழைய விமானங்களை ஓட்டியவர்களும் குளிருக்கு ஆட்டுத்தோல் பூட்ஸ் போட்டிருக்கிறார்கள். பிறகு அலைச்சறுக்கு விளையாடுகிறவர்கள், கடலை விட்டு ஏறி வந்ததும் விறைத்த காலை இதற்குள் விட்டுக்கொண்டார்கள். அவர்கள் வழியாக அமெரிக்காவுக்குப் போனது. அங்கே சினிமாக்காரர்கள் போட்டார்கள். அவர்கள் போட்டதைப் பார்த்து உலகமே போட்டது. ஆடு கத்தரிக்கிறவன் வேறு வழியில்லாமல் சுற்றிக்கட்டிய தோல், சினிமாக்காரி படம் எடுத்துக்கொள்வதற்கான பொருளாக ஆகிவிட்டது.

மீன் கொண்டு வருகிற அம்மாளிடம் இதைச் சொன்னேன். பொழியூர்ப் பக்கத்துக் கடற்கரைக்காரி. படியில் கிடந்த பூட்ஸை விரலால் தொட்டுப் பார்த்துக்கொண்டே கேட்டுவிட்டுச் சொன்னாள். "எங்க ஆளுவ விடியக்காலம் கரை கேறி வந்தா ஒரு கட்டஞ்சாயா குடிப்பினும், அவ்வளவு தான். கடல்ல விளையாடப் போனவனுக்கு ஆட்டுத்தோலு வேணுமாக்கும்." அம்மா வாய்விட்டுச் சிரித்தாள். நான் தேடிப் படித்த பூர்வீகத்தால் கிடைத்தது அந்தச் சிரிப்பு ஒன்றுதான்.

பிறகு நடந்ததை நினைத்தால்தான் எனக்கு இப்போதும் பல் கடிபடுகிறது. அப்பாவுக்கு அந்த பூட்ஸ் உயிருக்கு உயிராகப் பிடித்துப்போனது. ஆனால் எங்கே போட்டார்? வெளியே. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, பூட்ஸைப் போட்டுக்கொண்டு, ஜங்ஷன் டீக்கடைக்கு. ரேஷன் கடைக்கு. ஒரு வளைகாப்புக்கு. திரும்பி வந்ததும் படியில் உட்கார்ந்து, அதைக் கழற்றி, சோடியாகச் சேர்த்து வைத்துவிட்டு, வெறுங்காலோடு வீட்டுக்குள் போனார். வீட்டுக்குள் போடுகிற பொருளை வெளியே போட்டு, வெறுங்கால் கூடாத இடத்தில் வெறுங்காலாக. டாக்டர் சொன்னதையும் அக்கா சொன்னதையும் ஒரு சட்டை மாதிரி மறுபக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார்கள் இரண்டு பேரும். அம்மாவுக்குத் திருப்தி, வீட்டின் சுத்தம் கெடவில்லை. அப்பாவுக்குத் திருப்தி, மகள் கொடுத்ததைப் போடாமல் இல்லை. நான் மட்டும்தான் கத்திக்கொண்டிருந்தேன்.

"அப்பா, அது உள்ள போடத்துக்கு உள்ளதாக்கும்."

"பிள்ளே, இத்தன நல்ல சாதனத்த வீட்டுக்குள்ள போட்டா ஆரு பாப்பினும்?"

பார்த்தார்கள். எல்லாரும் பார்த்தார்கள். டீக்கடையில் ஒருவன் அப்பாவைப் படம் எடுத்துப் போனில் போட்டான். மடித்துக் கட்டிய வேட்டி, வெள்ளைத் தாடி, ஆட்டுத்தோல் பூட்ஸ். ஊரெல்லாம் சுற்றியது. அப்பாவால்தான் எல்லாம் ஆரம்பித்தது என்று சொல்லமாட்டேன். வெளிநாட்டுக்குப் போக ஆங்கிலப் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகள் நெய்யாற்றின்கரையில் ஏற்கெனவே ஒன்றிரண்டு பேர் போட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். ஆனால் அந்தப் படத்துக்குப் பிறகு பாறசாலைக் கடைகளில் சோடி சோடியாகத் தொங்கத் தொடங்கியது. ஆட்டுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது, உள்ளே பொம்மைக்கு வைக்கிற பஞ்சு நூல். விசா வருவதற்கு முன்னாலேயே காலை மட்டும் அனுப்பிவிட்டதுபோல அந்தப் பிள்ளைகள் அதைப் போட்டுக்கொண்டு ஜூன் மாதத்து இடவப்பாதி மழையில் பஸ்ஸுக்கு நின்றார்கள். பூட்ஸுக்குள் தண்ணீர் புகுந்து, காயாமல், பூஞ்சை பிடித்து நாறும். நாங்கள் வேலைக்குப் போய்வருகிற ரயில் பெட்டியில் ஜன்னலைத் திறந்துவைக்க வேண்டியிருந்தது. கல்யாணத்துக்கு முன்னால் பொன்முடி மலைக்குப் போய்ப் படம் எடுக்கிறவர்களுக்கும் அது இல்லாமல் ஆகாது என்று ஆயிற்று.

அப்பா இதையெல்லாம் தன் சாதனை போலப் பார்த்துக்கொண்டிருந்தார். "இவனுவளுக்கது எல்லாம் டூப்பாக்கும். எனக்கது தான் ஒரிஜினல்" என்பார். அவர் சொன்னது உண்மை. அந்த உண்மைதான் கிறிஸ்மஸுக்கு வினையாக வந்து நின்றது.

எங்கள் ஊர் கிளப்பில் எல்லாச் சாதி மதத்தவரும் உண்டு. ஓணத்துக்குப் பூக்களம் போடுவதும் கிறிஸ்மஸுக்கு வீடு வீடாகக் கேரல் பாடிப் போவதும் அவர்கள்தான். அந்த வருடம் அவர்களுடைய கிறிஸ்மஸ் அப்பூப்பனுக்கு, அதாவது கிறிஸ்மஸ் தாத்தாவுக்கு, நல்ல பூட்ஸ் இல்லை. இரண்டு பேர் வந்து அப்பாவிடம் கேட்டார்கள். "மாமா, உங்களுக்க கம்பிளி பூட்ஸ ஒரு நாளைக்கு தருமோ? ஒரிஜினல் அப்பூப்பனாட்டு இருக்கும்." ஒரிஜினல் என்ற சொல் போதும். நான் வேலை முடிந்து திருவனந்தபுரத்திலிருந்து வந்து சேர்ந்தபோது படியில் பூட்ஸ் இல்லை.

"ஆருக்காவது காலுல புண்ணோ சொறியோ இருந்தா என்ன செய்விய?" என்று கேட்டேன். அம்மா, "ஒரு நல்ல நாளும் பெருநாளுமா இப்பிடி பேசாத" என்றாள். நான் பயந்தது சொறிக்கு. சொறி வந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும் என்று பின்னால் நினைத்துக்கொண்டேன்.

பூட்ஸ் திரும்பி வந்தது. துடைத்து, ஒரு கேக் துண்டோடு மரியாதையாகக் கொண்டுவந்து வைத்தார்கள். அப்பூப்பனாக வேஷம் போட்டவன், பூட்ஸின் மேல்விளிம்பில் வெள்ளைப் பஞ்சு வைத்து ஊக்கு குத்தியிருக்கிறான். கழற்றும்போது எல்லா ஊக்கையும் எடுத்துவிட்டதாக நினைத்திருக்கிறான். ஒன்று திறந்தபடியே உள்ளே விழுந்து, வலது பூட்ஸின் ரோமத்துக்குள் போய் நின்றுவிட்டது. அந்த ரோமம் எதையும் வெளியே காட்டாது. கையை விட்டுத் துழாவினால்தான் தெரியும். கையை விட்டு யார் பார்க்கிறார்கள்?

அப்பா அதைப் போட்டுக்கொண்டு வழக்கம்போல நடந்தார். உடம்பின் முழு எடையையும் அந்த ஊக்கின் மேல் வைத்து வைத்து எடுத்தார். டீ குடித்தார், கேரலைப் பற்றிப் பேசினார், திரும்பி வந்தார், படியில் கழற்றினார், உள்ளே போனார். ரத்தத்தை எல்லாம் ரோமம் குடித்துவிட்டது. வெளித்தோலில் ஒரு பொட்டுக்கூடத் தெரியவில்லை. மறுநாளும் போட்டார், அதற்கு அடுத்த நாட்களிலும்.

வீட்டுக்குள் வெள்ளை டைல்ஸில் அம்மா அங்கங்கே சிவப்பாகப் பார்த்திருக்கிறாள். குங்குமம் கொட்டியிருக்கிறது என்று நினைத்து ஈரத்துணியால் துடைத்துவிட்டாள். பூசை முறிக்குப் பக்கத்தில்தான் இருந்ததாம், அதனால் சந்தேகமே வரவில்லையாம். வீட்டின் சுத்தம் கெடக் கூடாது என்று புருஷனின் காலைத் திறந்து போட்டவள், அந்தக் காலின் ரத்தத்தைத்தான் குங்குமம் என்று துடைத்தாள்.

குளியலறை ஈரத்திலும், கோழிக்கூட்டுப் பக்கத்து மண்ணிலும் அந்தத் திறந்த காயத்தோடு வெறுங்காலாக நடந்திருக்கிறார். நான் கண்டுபிடித்தது வாடையை வைத்து. நாற்றம் பூட்ஸிலிருந்து வருகிறது என்று நினைத்து, வெயிலில் வைக்கலாம் என்று கையை உள்ளே விட்டேன். என் விரலில் ஊக்கு ஏறியது. நான் "அம்மா" என்று துள்ளினேன். துள்ளிய அந்தக் கணத்திலேயே எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. ஓடிப்போய் அப்பாவின் காலைத் தூக்கிப் பார்த்தேன். பெருவிரலுக்கு அடியில் கறுத்து, சுற்றிலும் வீங்கி மினுமினுவென்று இருந்தது. "என்ன பிள்ளே பாக்குத?" என்று கேட்டார். அவருக்கு ஒன்றும் தெரியவில்லை.

ஆஸ்பத்திரியில் முதலில் பெருவிரலை எடுத்தார்கள். நிற்கவில்லை. பிறகு பாதத்தின் முன்பாதியை எடுத்தார்கள். டாக்டர் அம்மாவிடம் மலையாளத்தில், வீட்டுக்குள் செருப்பு போடுவதுண்டா என்று கேட்டார். அம்மா, "வீடல்லே சாரே" என்றாள். வீடுதானே என்று. அதற்கு மேல் ஒரு விளக்கமும் தேவையில்லை என்கிற மாதிரி. டாக்டர் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன். வாயைத் திறந்திருந்தால் வார்டு முழுக்கக் கேட்டிருக்கும்.

அக்கா போனில் அழுதாள். "வீட்டுக்குள்ளண்ணு நான் படிச்சுப் படிச்சு சொன்னேனே" என்றாள். சொன்னாள்தான். அவள் அனுப்பியது சரி, சொன்னதும் சரி. வீட்டுக்குள்ளேயே இருந்திருந்தால் அந்த பூட்ஸை ஊர் பார்த்திருக்காது, கிளப்காரன் கேட்டிருக்க மாட்டான், ஊக்கு அதற்குள் விழுந்திருக்காது. இவ்வளவு நேரான கணக்கு. இதை நான் யாருக்கும் விளங்க வைக்க வேண்டியதில்லை, எல்லாருக்கும் தெரியும். தெரிந்துகொண்டு எல்லாரும் விதி என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

கிளப்காரர்கள் ஆப்பிளும் ஆரஞ்சுமாக ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். வேஷம் போட்டவன் தலை குனிந்து நின்றான். அவன் அழுதிருந்தால் நான் பேசாமல் இருந்திருப்பேன். கூட வந்தவன்தான் வாயைத் திறந்தான். "ஒரு பின்னு தானே அக்கா. நாங்க அறிஞ்சிட்டா செய்தோம்?"

"ஒரு பின்னு தான். உனக்க காலுல குத்தினா நீ எங்க வரைக்கும் சாடித் துள்ளுவ? அவரு சாடேல்ல. அது தான் அவருக்க நோயி. அத இந்த ஊருல அறியாத ஆளு உண்டா?"

பழப் பையை வைத்துவிட்டுப் போய்விட்டார்கள். அப்பா அந்த ஆரஞ்சை உரித்துத் தின்றார், நான் அவர்மேலும் எரிந்து விழுந்தேன்.

நாங்கள் ஆஸ்பத்திரியில் இருந்தபோது அம்மா ஒரு நாள் வீட்டுக்குப் போய் அந்த பூட்ஸைச் சோப்புத்தூளில் ஊறவைத்துத் துவைத்துக் கொடியில் போட்டிருக்கிறாள். ரத்தக்கறை போகவில்லை. தோல் வெயிலில் காய்ந்து சுருண்டு, கருவாடு மாதிரி விறைத்துப்போனது. இனி அதற்குள் யாருடைய காலும் போகாது. எனக்கு அதை எரிக்க வேண்டும் என்றுதான் இருந்தது. ரப்பர் மரத்தடியில் குழி தோண்டிப் புதைத்தேன்.

அப்பாவை வீட்டுக்குக் கூட்டி வந்தோம். வலது காலுக்கு ஆஸ்பத்திரியில் தனியாக ஒரு செருப்பு செய்து கொடுத்திருந்தார்கள். முன்பக்கம் அடைத்து, குதிகாலில் வார் வைத்து, மூன்று இடத்தில் ஒட்டுகிற பட்டியோடு. ஆட்டோவிலிருந்து இறங்கி, என் தோளைப் பிடித்துக்கொண்டு சிட்அவுட் வரைக்கும் வந்தார். படியில் ஏறியதும் தானாகவே குனிந்தார். கை பட்டியைத் தேடியது, கழற்றுவதற்கு.

அம்மா உள்ளேயிருந்து வேகமாக வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கழத்தண்டாம். போட்டுட்டு கேறுங்க."

அப்பா என்னைப் பார்த்தார். செருப்போடு வாசலைத் தாண்டினார். கூடத்தைத் தாண்டினார். விளக்கு எரிந்துகொண்டிருந்த பூசை முறியைத் தாண்டிக் கட்டில் வரைக்கும் போய் உட்கார்ந்தார். டைல்ஸில் செருப்புச் சத்தம் கேட்டது. அந்த வீட்டுக்குள் நான் முதல் தடவையாகக் கேட்ட செருப்புச் சத்தம். ஒரு பட்டி தளர்ந்திருந்தது. அம்மா தரையில் மண்டியிட்டு உட்கார்ந்து, அந்தக் காலைத் தன் மடியில் எடுத்து வைத்து, பட்டியை இழுத்து ஒட்டினாள். ஆட்டுத்தோலோ மாட்டுத்தோலோ, அந்தச் செருப்பு எதனால் செய்தது என்று அவள் கேட்கவே இல்லை.

எனக்குள் அதுவரை அடக்கி வைத்திருந்தது எல்லாம் திரண்டு வந்தது.

"இத அண்ணைக்கே செய்திருந்தா என்ன அம்மா? இண்ணைக்கு மட்டும் விளக்கு அணைஞ்சா போச்சு?"

அம்மா தலையை நிமிர்த்தவில்லை. பட்டியின் ஓரத்தை விரலால் அழுத்திக்கொண்டே சொன்னாள்.

"அண்ணைக்கு காலு முழுசா இருந்துல்லா மக்கா."